குழந்தையைக் கண்டால் குனிகிறவர்

உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் நம்பாதீர்கள். அவர்களுக்கு எண்ணத் தெரியாது என்று அர்த்தம். வகைகள் எக்கச்சக்கம். அந்த எக்கச்சக்கத்திலிருந்து ஒன்றே ஒன்றைக் காதைப் பிடித்து இழுத்து வந்து இன்று உங்கள் முன்னால் நிறுத்தப் போகிறோம்.

குழந்தையைக் கண்டால் குனிகிறவர்.

இவருடைய இடுப்பில் ஏதோ ஒரு விசை இருக்கிறது. கையில் இரண்டு பை காய்கறி இருக்கட்டும், காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன் இருக்கட்டும், பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கட்டும், மூன்றடிக்குக் கீழே ஒரு தலை தெரிந்துவிட்டால் போதும், அந்த விசை விடுபட்டு, மேல்பாதி மடங்கி, இரண்டு கையும் இரண்டு முட்டியில் ஊன்றி, தலை ஒருபக்கம் சாய்ந்து, குரல் சுருதி ஏறி, முகம் குழந்தையின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றுவிடும். அப்புறம் ஆரம்பிக்கும். பேரென்ன? எத்தனை வயசு? அம்மா செல்லமா, அப்பா செல்லமா? மூக்கு எங்கே? காக்கா எப்படிக் கத்தும்? இது என்ன கலர்?

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வேலைக்குப் போகிற அவசரத்தில் நீங்கள் லிஃப்டில் நிற்கிறீர்கள். உங்களைப் போல இரண்டு மடங்கு உயரமான ஒருவர் உள்ளே வந்து, உங்கள் முகத்துக்கு நேரே குனிந்து, "மூக்கு எங்க? மூக்கைக் காட்டு பாக்கலாம்" என்கிறார். காட்டுவீர்களா? அடுத்த மாடியில் இறங்கிப் படி வழியாக ஓடிவிடுவீர்கள். குழந்தைக்கு ஓட வழியில்லை. அதன் கையை அம்மா பிடித்திருக்கிறாள்.

ஆனால் கேள்வி கேட்பது இந்த இனத்தின் அடையாளம் அல்ல. பதிலுக்குக் காத்திருக்க முடியாததுதான் அடையாளம். வானத்தைக் காட்டி "அது என்ன?" என்பார். குழந்தை மெல்லத் தலையைத் தூக்கி, கண்ணைச் சுருக்கி, அங்கே பறப்பது பறவையா பிளாஸ்டிக் பையா என்று பொறுப்பாக ஆராய்ந்துகொண்டிருக்கும். அதற்குள், "காக்கா! காக்கா சொல்லு! வெரி குட்!" முடிந்தது. கேட்டவரும் அவர், பதில் சொன்னவரும் அவர், பாராட்டியவரும் அவர். பிறகு குழந்தை எதற்கு? சும்மா தரையைப் பார்த்துக் குனிந்தால் முதுகுவலி என்று நினைத்துவிட மாட்டார்களா?

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ஒருவர் ஒரு நாலு மாடிக் குடியிருப்பில், படிக்கட்டு ஆரம்பிக்கிற இடத்திலேயே குடியிருந்தார். வினாத்தாள் மாமா. அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் மட்டும்தான் இந்தப் பெயர். எட்டுகிற தூரத்தில் "சார்". ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோகக் காலம் முழுவதும் "டிக்கெட்?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டு, மற்ற எல்லாக் கேள்விகளையும் வயிற்றுக்குள் அடக்கி வைத்திருந்த மனிதர். ஓய்வு பெற்ற மறுநாள் மதகு திறந்துகொண்டது. தலைக்குக் கறுப்பு மை அடித்திருப்பதால், "தாத்தா" என்பது தவறான விடை. "மாமா" என்பதுதான் சரியான விடை. குடியிருப்போர் சங்கத்தின் தலைவரும் அவரே. எப்படி ஆனார் என்கிறீர்களா? கூட்டத்தில் எழுந்து நின்று "யார் தலைவரா இருக்கீங்க?" என்று கேட்டதும் அவர், பதில் சொன்னதும் அவர்.

கெட்ட மனுஷரா? அதுதான் இல்லை. சட்டைப்பையில் எந்நேரமும் மிட்டாய் வைத்திருப்பார், கேட்காமலே கொடுப்பார். கெட்டவராக இருந்தால் ஒரு திட்டுத் திட்டிவிட்டுப் படியேறிப் போய்விடலாம். நல்லவர் வழியை மறித்துக்கொண்டு குனிந்து நின்றால் என்ன செய்வது?

இந்தத் துன்பத்தைத் தினமும் காலையில் அனுபவித்தவள், மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து ஒற்றை அறையில் குடியிருந்த ஒரு பெண். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளையும் கோட்டு, சட்டைகளையும் மூட்டை மூட்டையாக வாங்கி, துவைத்து, உலர்த்தி, மடித்து அனுப்பும் ஒரு சலவைக்கூடத்தில் வேலை. புருஷன் லாரி ஓட்டுகிறவன். வீட்டுக்கு வருவது மழை மாதிரி, வரும்போது தெரியும். மகளுக்கு மூன்று வயது. சலவைக்கூடத்துப் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் பொத்தான். எந்திரத்தின் வயிற்றிலிருந்து துணியை அள்ளிய பிறகு உள்ளே பொத்தான்கள் உதிர்ந்து கிடக்கும். இவள் பாதி உடம்பை உள்ளே விட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்குவாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. துணியில் வந்தது எதுவானாலும், பேனா மூடியோ, சாவியோ, சட்டைப் பொத்தானோ, எடுத்தவர் அதைக் கையில் தூக்கிப் பிடித்து "இது யாருது?" என்று எல்லாரிடமும் கேட்க வேண்டும். உரியவர் இருந்தால் கொடுத்துவிட வேண்டும். யாரும் சொந்தம் கொண்டாடாவிட்டால்தான் பொத்தானின் தகர டப்பாவுக்குள் போகும். அவள் பேசக் கற்றுக்கொண்ட முதல் முழு வாக்கியமே "இது யாருது?" தான்.

ஏன் மூன்று வயசுக் குழந்தை சலவைக்கூடத்தில்? வேறு எங்கே விடுவது, நீங்களே சொல்லுங்கள். முன்பு பார்த்துக்கொண்டிருந்த கீழ்வீட்டுக்காரிக்கும் வேலை கிடைத்துவிட்டது. பெரிய தெருவில் பளபளவென்று ஒரு காப்பகம் இருக்கிறது. சம்பளத்தை ஒரு கையால் வாங்கி மறு கையால் அங்கே கட்டிவிட்டு, இரண்டு கையையும் உதறிக்கொண்டு வர வேண்டியதுதான். அதனால் பொத்தான் துணி தள்ளும் சக்கர வண்டிக்குள், தலையணை உறைகளுக்கு நடுவில் ராணி மாதிரி உட்கார்ந்து வளர்ந்தாள். ஒரு நாள் நீராவிக் குழாயைத் தொட்டு உள்ளங்கையில் கொப்புளம் வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு அழுதவள் மகள் அல்ல.

அப்புறம் சூப்பர்வைசர் வந்து சொன்னார். பெரிய தேய்ப்பு எந்திரம் ஒன்று வருகிறது, கொதிக்கிற உருளைகள், ஒரு விரல் மாட்டினால் போயே போச்சு.

"அவ வெளிய இருக்கணும். இல்லன்னா நீங்க ரெண்டு பேருமே வெளிய இருக்கணும். என்னைத் திட்டாதம்மா, எனக்கும் பொண்ணு இருக்கு."

திட்டத்தான் நினைத்தாள். கொப்புளம் ஞாபகம் வந்தது. திட்டவில்லை.

இதெல்லாம் படிக்கட்டில் மாமாவுக்குத் தெரியுமா? எப்படித் தெரியும்? தாயிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லையே. அவர் கேள்விகளெல்லாம் மூன்றடிக்குக் கீழேதான். காலையில் மகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு அவள் இறங்கி வருவாள். கடைசிப் படியில் மாமா குனிவார். "இது என்ன கலர்? பச்சை! பச்சை சொல்லு! கை தட்டு!" பொத்தான் கை தட்டுவாள். பல மாதங்களாக இப்படி. அவளைப் பொறுத்தவரை அது ஒரு இலவச நிகழ்ச்சி. ஒரு பெரிய மனிதர் தினமும் வந்து, தன்னைத்தானே கேள்வி கேட்டு, தானே சரியாகச் சொல்லிக் காட்டுகிறார். கை தட்டாவிட்டால் பாவம் இல்லையா?

இந்த நேரம் பார்த்துத்தான் குடியிருப்பின் கீழ்த்தளத்தில், சைக்கிள் கொட்டகையாக இருந்த இடத்தைச் சுத்தம் செய்து, ஒரு அறக்கட்டளைக்காரர்கள் மழலையர் காப்பகம் திறந்தார்கள். வாசலில் பலகை: வேலைக்குப் போகும் எளிய பெற்றோரின் குழந்தைகளுக்கு, முற்றிலும் இலவசம். உள்ளே இருபது பாய், ஒரு டீச்சர். அந்த டீச்சர் பேசுவதற்கு முன் மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். துடைத்துப் போட்ட பிறகும் பாதி நேரம் பேச மாட்டார். கொட்டகையை ஒட்டி சங்கத்தின் கூட்ட அரங்கம் ஒன்று பூட்டிக் கிடந்தது. வருஷத்துக்கு ஒருமுறை மாமாவைத் தலைவராக்குவதற்காக மட்டும் திறக்கப்படும் அரங்கம். நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கிழிக்கப்படவில்லை. சாவி மாமாவின் இடுப்பில்.

பாய் இருபது. வந்து நின்ற குடும்பங்கள் முப்பது. என்ன செய்வது? சீட்டுக் குலுக்கலாம் என்றார் டீச்சர். யாருக்கு அதிகத் தேவை என்று பார்க்கலாம் என்றார்கள் சிலர். மாமா எழுந்தார். குழந்தைகளை நேர்முகத் தேர்வு வைத்து எடுப்போம் என்றார். கேள்வி கேட்பது யார் என்று அவரே கேட்டார். பதிலும் வந்துவிட்டது.

இதிலுள்ள அழகைப் பாருங்கள். வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத குழந்தைகளுக்காக ஒரு இடம். அதில் சேர வேண்டுமானால் வீட்டில் யாராவது எல்லாம் சொல்லித்தந்திருக்க வேண்டும். நீந்தத் தெரிந்தவர்களுக்கு மட்டும் நீச்சல் வகுப்பு. பசி தீர்ந்தவர்களுக்கு மட்டும் சாப்பாடு.

தேர்வு முறை இதுதான். மாமா பத்து அட்டை காட்டுவார். ஒவ்வொரு சரியான பதிலுக்கும் டீச்சர் குழந்தையின் சட்டையில் ஒரு தங்க நிற நட்சத்திரம் ஒட்டுவார். அதிக நட்சத்திரம் வாங்கிய இருபது பேருக்குப் பாய்.

சலவைக்கூடம் கொதித்து எழுந்தது. அந்த வாரம் முழுவதும் பொத்தானுக்குப் பயிற்சி. சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி எண்ணச் சொல்லித்தந்தாள், இன்னொருத்தி மிருகங்கள் மாதிரி கத்திக் காட்டினாள். ஒரு சிங்கம் கத்தியதில் வாசலில் வேன்காரர் திரும்பிப் போய்விட்டார். நிறத்தில்தான் சிக்கல். அந்தக் கட்டடத்தில் இருக்கிற துணியெல்லாம் வெள்ளை. வெள்ளையாக இல்லாத எதுவும் அங்கே ஒரே பெயரில்தான் அழைக்கப்படும். ஆகவே பொத்தானின் உலகத்தில் இரண்டே நிறம்: வெள்ளை, கறை. சிவப்பைக் காட்டினாலும் கறை, நீலத்தைக் காட்டினாலும் கறை. சூப்பர்வைசரின் மஞ்சள் சட்டையைப் பார்த்தும் அவள் அதையே சொன்னபோது, அவர் அன்றைக்கு முழுக்க யாரிடமும் பேசவில்லை.

தேர்வு நாள் காலை. கொட்டகைக்குள் மாமாவுக்கு ஒரு பெரிய நாற்காலி, எதிரே குழந்தைக்கு ஒரு குட்டி முக்காலி, பக்கத்தில் டீச்சர். வாசலிலிருந்து கேட் வரை பெற்றோரும் பிள்ளைகளும் வரிசை. தரம் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுவதற்காக, சங்கத்துச் செயலாளரின் பேரனை மாதிரிக்கு முதலில் உட்கார வைத்தார்கள். அவன் ஏற்கெனவே பெரிய தெருப் பள்ளியில் படிக்கிறவன். மாமா அட்டையைப் பாதி தூக்குவதற்குள் "ஐங்கோணம்" என்றான். அடுத்ததைத் தொடுவதற்குள் "காண்டாமிருகம்" என்றான். பத்தும் முடிந்தபோது மாமாவின் முகம் வாடிப் போயிருந்தது. அவருக்கு ஒரு வாய்ப்பும் கிடைக்கவில்லையே.

"அவசரக் குடுக்கை" என்று முணுமுணுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அடுத்தவன் கேட் காவலாளியின் மகன். முக்காலியில் உட்கார்ந்ததும் சட்டைக் காலரை வாய்க்குள் திணித்துக்கொண்டான். மாமா குனிந்தார். சிவப்பு அட்டை.

"இது என்ன கலர்?"

பையன் காலரை மென்றான். வரிசையில் மூன்றாவதாக நின்ற பொத்தானின் அம்மா கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தாள்.

"சிவப்பு! சிவப்பு சொல்லு! வெரி குட்!"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். பையனைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார்.

"சரியான பதில்தானே சார்?"

"இதுல என்ன சந்தேகம் டீச்சர்? சிவப்புதான்."

டீச்சர் ஒரு நட்சத்திரத்தை உரித்துப் பையனின் சட்டையில் ஒட்டினார். சுவருக்குக்கூட அந்த முகத்தைவிட அதிகமாக உணர்ச்சி இருக்கும். ஆனால் உள்ளே இழுத்துக் கடித்திருந்த கீழுதட்டைப் பொத்தானின் அம்மா பார்த்துவிட்டாள். பையன் ஒரு வார்த்தை பேசாமல் பத்து நட்சத்திரத்தோடு இறங்கினான்.

அவள் பின்னால் திரும்பினாள். அங்கே தையல்காரி ஒருத்தி, வாய் ஓயாத மகனோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, உங்க பையனைப் பேச வேண்டாம்னு சொல்லுங்க."

"ஏம்மா? ஒரு வாரமா பேசு பேசுன்னு உசிரை விட்டிருக்கேன்."

"பேசினா ஃபெயிலாயிடுவான். பேசலன்னா அவரே பாஸ் பண்ணிக் குடுத்துடுவாரு."

தையல்காரி உள்ளே எட்டிப் பார்த்தாள். மாமா அடுத்த குழந்தைக்காக யானையாகப் பிளிறிக்கொண்டிருந்தார். அவளுக்கும் புரிந்தது. செய்தி கிசுகிசுவென்று கேட் வரை ஓடியது. உலகத்தில் எந்தத் தேர்வு வாசலிலாவது இப்படி நடந்திருக்குமா? வரிசையில் நின்ற அத்தனை தாய் தகப்பன்மாரும் தங்கள் குழந்தைகளின் காதில் குனிந்து, தயவுசெய்து எதுவும் சொல்லிவிடாதே ராஜா, உனக்குப் புண்ணியமாகப் போகும், என்று கெஞ்சினார்கள். தையல்காரியின் மகன் மட்டும் அடங்கவில்லை. காலையில் மாமாவே கொடுத்திருந்த ஒட்டு மிட்டாயை அவன் வாயில் போட்டதும் இரண்டு தாடையும் ஒட்டிக்கொண்டன.

பொத்தானின் முறை வந்தது.

முக்காலியில் ஏறி உட்கார்ந்தாள். எதிரே படிக்கட்டு மாமா. அவள் முகம் மலர்ந்தது, நிகழ்ச்சி ஆரம்பம். பூனை அட்டை. மாமா கேட்டார், மாமா சொன்னார், அவள் கை தட்டினாள். நட்சத்திரம். பந்து. கைதட்டல். நட்சத்திரம். மாமாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. இந்தக் குழந்தைக்கு மட்டும்தான் தன் அருமை தெரிகிறது என்பது போலப் பார்த்தார். ஒன்பது அட்டை இப்படிப் போயிற்று. கடைசியாகச் சிவப்பு.

"இது என்ன கலர்?"

பொத்தானின் கண்கள் விரிந்தன. இது அவளுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். ஒரு வாரம் எல்லாரும் கேட்டுக் கேட்டுப் படித்தது. வாயைத் திறந்தாள்.

"க..."

அவள் அம்மாவுக்கு எங்கிருந்தோ இருமல் வந்தது. தேய்ப்பு எந்திரம், சூப்பர்வைசர், லாரி, கொப்புளம், எல்லாம் அந்த ஒரு எழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

"க இல்ல கண்ணு, சி! சிவப்பு! வெரி குட்!"

பத்தாவது நட்சத்திரம். அவள் அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

மதியத்துக்குள் முப்பது குழந்தைகளும் முடிந்துவிட்டார்கள். முப்பது பேரும் பத்துக்குப் பத்து. கொட்டகையே மினுமினுத்தது. மாமா எழுந்து நின்று, பார்த்தீர்களா, எல்லாம் என் படிக்கட்டுப் பயிற்சி, இந்த மாதிரிப் புத்திசாலிக் குழந்தைகளை நான் எங்கேயும் கண்டதில்லை, என்று கண் கலங்கப் பேசினார். அப்புறம் பாய்களை எண்ணினார். இருபதுதான் இருந்தது.

"பரவாயில்ல" என்றார், கையைத் தேய்த்துக்கொண்டு. "ரெண்டாவது ரவுண்டு வெச்சுடலாம். இப்பக் கஷ்டமான கேள்வி."

செயலாளரின் பேரனுடைய பாடப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். பொத்தானின் அம்மா அந்தப் புத்தகத்தைப் பார்த்ததும் உள்ளுக்குள் சரிந்தாள். ஏன் தெரியுமா? அதில் உள்ள கேள்விகளுக்கு மாமாவுக்கே பதில் தெரியாது. மாமாவுக்குத் தெரியாவிட்டால் முப்பது குழந்தைகளும் காலி.

இந்த நேரத்தில்தான் பொத்தான் தன் சட்டையைக் குனிந்து பார்த்தாள். வெகுநேரமாக அவளுக்கு ஏதோ உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு நட்சத்திரத்தை நகத்தால் உரித்தாள். கையை உயரத் தூக்கிப் பிடித்தாள்.

"இது யாருது?"

எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். அவள் நேராக மாமாவிடம் போனாள். இரண்டு கையையும் தன் முட்டிகளில் ஊன்றினாள். தலையைச் சாய்த்தாள். குரலைச் சுருதி ஏற்றினாள்.

"இது யாருது? மாமாது! மாமாது சொல்லு! வெரி குட்!"

நட்சத்திரத்தை மாமாவின் வேட்டி மடிப்பில், கை எட்டிய உயரத்தில் ஒட்டிவிட்டுக் கை தட்டினாள். அப்புறம் அடுத்ததை உரித்தாள். அவள் அம்மாவுக்கு, மகள் தன் பாயைத் துண்டு துண்டாகக் கிழித்து ஒருவருக்குத் தானம் கொடுப்பதைப் பார்க்கிற மாதிரி இருந்தது. அதற்குள் காவலாளியின் மகன் வாயிலிருந்து காலரை எடுத்துவிட்டு ஓடி வந்தான். பெரிய விளையாட்டு ஒன்று நடக்கிறது, தனக்கு யாரும் சொல்லவில்லையே என்ற கோபம். அவனும் உரித்தான், ஒட்டினான். அப்புறம் யார் சும்மா இருப்பார்கள்? முப்பது குழந்தைகள் மாமாவைச் சூழ்ந்துகொண்டார்கள். வேட்டியில், முட்டியில், முதுகில், குனிந்தபோது மூக்கில். மூக்கு எங்கே என்று யாரும் கேட்கவில்லை, தானாகவே கண்டுபிடித்துவிட்டார்கள். தையல்காரியின் மகன் நாற்காலியில் ஏறி, மை அடித்த தலையின் நடுவில் ஒன்றை வைத்து அழுத்தினான். பத்தே நிமிஷத்தில் அந்தக் கொட்டகையில் ஒரே ஒருவர்தான் ஜொலித்தார்.

மாமா தன்னைத்தானே பார்த்துக்கொண்டார். கையைப் பார்த்தார். நெஞ்சைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த முறை துடைப்பு முடியவே இல்லை.

வாயைத் திறந்தவள் பொத்தானின் அம்மா.

"பாஸானது நீங்கதான் சார். நியாயமாப் பாத்தா, பாயும் உங்களுக்குத்தான் குடுக்கணும்."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"இதெல்லாம் இவங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருந்தா, நாங்க எதுக்கு சார் வேலையை விட்டுட்டு இங்க வந்து நிக்கறோம்?"

மாமா பதில் சொல்ல வாயைத் திறந்தார். பழக்கம். எந்தக் கேள்விக்கும் அவரிடம் உடனே ஒரு பதில் இருக்கும். இதற்கு இல்லை. வாய் திறந்தபடி இருந்தது. ஓரத்தில் ஒரு நட்சத்திரம் மீசையிலிருந்து தொங்கியது.

பெரிய நாற்காலியை விட்டுவிட்டு, அவர் அந்தக் குட்டி முக்காலியில் உட்கார்ந்தார். அது கிறீச்சிட்டது. இப்போது அவர் முகமும் பொத்தானின் முகமும் ஒரே உயரத்தில் இருந்தன. குனிய வேண்டிய தேவையே இல்லை. சின்னக் குரலில் கேட்டார்.

"நீ இங்க இருக்கியா?"

கேட்டுவிட்டு, பேசாமல் இருந்தார்.

அது எவ்வளவு பெரிய காரியம் என்று உங்களுக்குத் தெரியாது. உதடு துடித்தது. தொண்டையில் "இருக்கேன் சொல்லு" என்பது மேலேறி வந்து, விழுங்கப்பட்டு, மறுபடி மேலேறியது. ஜன்னலுக்கு வெளியே ஒரு காக்கா வந்து உட்கார்ந்து கத்தியது. அதை அவர் அடையாளம் காட்டவில்லை. பொத்தான் அவசரப்படவில்லை. பாய்களைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

"டப்பா கொண்டு வரலாமா?" என்றாள்.

"என்ன டப்பா?" என்றார் மாமா. அவருக்கு உண்மையிலேயே தெரியாது. வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு குழந்தையிடம் தெரியாத விஷயத்தைக் கேட்டார். அவள் சொன்னாள். வட்டப் பொத்தான், சதுரப் பொத்தான், நாலு ஓட்டை, ரெண்டு ஓட்டை, டாக்டர் கோட்டுது, பாப்பா சட்டையது என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். அவர் நடுவில் ஒரு வெரி குட்கூடப் போடவில்லை. முடிந்ததும் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தார்.

கூட்ட அரங்கத்தின் நாற்காலிகளைக் காவலாளியும் வரிசையில் நின்ற தகப்பன் ஒருவரும் சேர்ந்து மொட்டைமாடிக்கு ஏற்றினார்கள். நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறைகளைக் குழந்தைகள் கிழித்தார்கள். அந்தச் சத்தத்துக்காகவே இன்னும் பத்து நாற்காலி வாங்கலாம் போலிருந்தது. பத்துப் பாய் கூடுதலாக விரிந்தது. இன்னொரு டீச்சர் வேண்டும் என்று டீச்சர் அறக்கட்டளைக்காரர்களிடம் சண்டை போட்டு வாங்கினார். அந்தச் சண்டையின்போது ஒரு தடவைகூடக் கண்ணாடியைத் துடைக்கவில்லை. சங்கத்தின் அடுத்த கூட்டம் படிக்கட்டில் நடந்தது. தலைவராக யார் வந்தார் என்று கேட்க வேண்டாம்.

திங்கட்கிழமை பொத்தானின் அம்மா தனியாகச் சலவைக்கூடத்துக்குள் நுழைந்தாள். புதிய எந்திரம் மூலையில் சீறிக்கொண்டிருந்தது. துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவள், பாதி வழியில் நின்று, பழக்கதோஷத்தில் உள்ளே எட்டிப் பார்த்தாள். வெறும் தலையணை உறைகள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நீராவி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மாமா திருந்திவிட்டாரா? அப்படியெல்லாம் ஒரு இனம் அழிந்துவிடுமா? இப்போதும் கடைசிப் படியில் நிற்கிறார். இப்போதும் கேட்கிறார். ஒரே வித்தியாசம், கேட்டுவிட்டு இப்போது காத்திருக்கிறார். முன்பெல்லாம் ஒரு கேள்வி ஒரு நொடியில் முடிந்தது. இப்போது பொத்தான் யோசித்து, சுற்றிப் பார்த்து, வேறு ஏதோ கதையில் நுழைந்து, அதிலிருந்து வெளியே வந்து பதில் சொல்கிறவரைக்கும் நிற்க வேண்டியிருக்கிறது. அவள் அம்மாவுக்கு முன்பைவிட அதிகமாகத் தாமதமாகிறது. ஆனாலும் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். மகள் இவ்வளவு பேசுவாள் என்று அவளுக்கே தெரியாது.

சரி, மாமாவைப் பார்த்துச் சிரித்தது போதும். நாளைக்கு நீங்கள் பஸ் நிறுத்தத்தில் நிற்பீர்கள். பக்கத்தில் ஒரு தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு குட்டித் தலை தெரியும். உங்களுக்கு அந்தத் தாயிடம் கேட்கத் தோன்றுமா, வேலைக்குப் போகும்போது இந்தக் குழந்தையை எங்கே விடுகிறீர்கள் என்று? இல்லை, மூக்கு எங்கே என்றுதான் தோன்றுமா?

பதிலை நாமே சொல்லிவிடலாம்தான். நாக்கு நுனி வரை வந்தும்விட்டது. சொல்ல மாட்டோம். காத்திருக்கிறோம். நிதானமாக யோசியுங்கள், அவசரமே இல்லை.

முதலில் முட்டியிலிருந்து கையை எடுங்கள்.